அரக்கு மாளிகை ஒத்திகை

ஆனைக்குட்டம் போகிற ரோட்டில், சீமைக்கருவேலத்துக்கு நடுவே அந்த அறை தனியாக நின்றது. சங்கரலிங்கத்தின் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற அறை அது. உள்ளே வேலை பார்த்தவர்களெல்லாம் கருகிச் செத்த வெடிவிபத்துக்குப் பிறகு கம்பெனியையே மூடிவிட்டார். சுவரெல்லாம் கரி. நாலு பக்கமும் நாலு வாசல். கதவுகள் அன்றைக்கே பறந்துவிட்டன; வெறும் நிலைகள்தான் மிச்சம்.

அவர் மகள் ஐஸ்வர்யாவுக்கு அந்த இடம்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பாரதத்தை வசனமில்லாமல், உடம்பை மட்டும் வைத்து நாடகமாக்குகிறாள். அரக்கு மாளிகைக் கட்டம். பாண்டவர்கள் சுரங்கம் வழியே தப்பிவிட, அங்கே படுத்திருந்த வேடச்சியும் அவளுடைய ஐந்து பிள்ளைகளும் வெந்துபோகிறார்கள். கதை சொல்கிறவர்கள் தப்பித்தவர்கள் பின்னாலேயே ஓடிவிடுவார்கள். இவளுக்கு அந்த ஆறு பேர்தான் நாடகமே.

"அங்கன எதுக்கும்மா?" என்று கேட்டுப் பார்த்தார் சங்கரலிங்கம். "கல்யாண மண்டபம் சும்மாத்தான கெடக்கு."

"உங்க மேல என்னப்பா தப்பு? அன்னைக்குக் கதவெல்லாம் தெறந்துதான இருந்துச்சு."

அவர் அப்படித்தான் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அவளும் ஊரில் தலைநிமிர்ந்து நடமாடினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கூட வந்த அப்பா காரை விட்டு இறங்கவில்லை. தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிற வள்ளித்தாய்தான் வேடச்சி. கடைசிப் பிள்ளை ஐஸ்வர்யாவின் தம்பி தருண்குமார். ஆறு பேரும் தரையில் படுத்துக் கண்ணை மூடினார்கள்.

"தீ வந்தாலும் எந்திரிக்கக் கூடாது. தூக்கத்துலயே போயிடணும்," என்று சொல்லிவிட்டு ஐஸ்வர்யா வெளியே நின்று தகரத்தைத் தாளமாகத் தட்டினாள்.

அவர்கள் எழுந்தார்கள்.

கண் திறக்காமலே ஒவ்வொரு வாசலாகத் தவழ்ந்தார்கள். வெட்டவெளியான வாசலில் உள்ளங்கைகள் பலகையில் பதிகிற மாதிரி பதிந்து நின்றன. கடைசியில் கிழக்கு வாசலில் ஒருவர்மேல் ஒருவராகக் குவிந்தார்கள். சொல்லிக்கொடுக்காமலே என்னமாய்ச் செய்கிறார்கள் என்று அவள் பூரித்துப்போனாள்.

அப்போதுதான் கருமருந்து வாடை வந்தது.

தட்டுவதை நிறுத்தினாள். சத்தம் நிற்கவில்லை.

கதவை அறைகிற சத்தம்.

"போதும். நிறுத்துங்க."

தருணின் கன்னம் காற்றில் அமுங்கித் தட்டையாகிக் கிடந்தது. மற்றவர்களின் பாரம் அவனை நெருக்க, உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவன் சட்டையைப் பற்றி இழுத்தாள். அவள் கை தடையில்லாமல் உள்ளே போனது. அவன்தான் வெளியே வரவில்லை.

"அக்கா... தாப்பாள எடுத்துவிடு."

"என்ன தாப்பாளுடா? கதவே இல்ல."

"வெளிய போட்டிருக்கு," என்றாள் வள்ளித்தாய். அது அவள் குரல் இல்லை.

ஐஸ்வர்யா காற்றில் துழாவினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. தம்பி செத்துவிடுவான் என்ற பயத்தில் அப்பாவைக் கூவி அழைத்தாள்.

சங்கரலிங்கம் ஓடிவந்தார். வாசலைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. பிறகு மகன் முகம் கண்ணில் பட்டது. அவர் எதையும் தேடவில்லை. வலது கை தலைக்கு மேல் உயர்ந்து, ஒன்றுமில்லாத இடத்தில் எதையோ பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தது.

இரும்பு உரசியது.

ஆறு பேரும் வெளியே சரிந்தார்கள். தருண் மூச்சை வாரி வாரி இழுத்தான்.

"அன்னைக்கு ஆபீசர் சோதனைக்கு வந்திருந்தாரும்மா," என்றார் அப்பா, அவளைப் பார்க்காமலே. "நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்ல, சீசனுக்குன்னு நெறைய ஆளப் போட்டிருந்தேன். காலி ரூம்னு காட்டத்தான் எல்லாக் கதவுக்கும் வெளிய தாப்பாள் போட்டேன். அவரு போற வரைக்கும்தான்."

ஐஸ்வர்யாவுக்கு அந்த முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் அவரை அங்கே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

"வாங்க, போவோம்."

அவர் அசையவில்லை. இடது கை எதையோ தாங்கிப் பிடித்திருந்தது. யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கினார். மறுபடியும் ஒதுங்கினார். ஒதுங்க ஒதுங்க, வாசல் மண்ணில் வெறுங்கால் தடங்கள் விழுந்தன.

"அப்பா, கைய எடுங்க."

"எடுத்தா கதவு சாத்திக்கிடும்மா," என்று கிசுகிசுத்தார். "இன்னும் வர்றாக."