மணி அடிக்கும்வரை பேசக் கூடாது

அந்த மண்தொட்டியின் மேல் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் விழுந்தன.

ஒன்று அவளுடையது. நகக்கண்ணில் வெள்ளை மாவு ஒட்டிய கை. இன்னொன்று... நீள விரல்கள். நுனியெல்லாம் நீலமும் மஞ்சளுமாய்ப் பெயிண்ட்.

இருவரும் நிமிர்ந்தார்கள். அவன் கண்கள் பெரியவை, தூக்கம் கெட்டவை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவை. அவள் முறைத்தாள். அவன் தொட்டியை விடவில்லை. அவளும் விடவில்லை. ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக் கூடாதே!

அங்கே அதுதான் சட்டம். மாதத்தின் கடைசி ஞாயிறு காலையில், அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், கார்களை வெளியே அனுப்பிவிட்டு வீட்டுத்தோட்டக்காரர்கள் கூடுவார்கள். ஆளுக்கொரு செடி கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ள வேண்டும். மணி அடிக்கும்வரை வாயே திறக்கக் கூடாது. பேச விட்டால், "எங்க வீட்டு ரோஜா இருக்கே..." என்று தொடங்கி மாலை வரை பெருமையடிப்பார்கள் என்று அவளுடைய சித்தி போட்ட சட்டம் அது. நல்ல சட்டம்தான். ஆனால் வெளியே மழை, உள்ளே அழுது வடியும் குழல் விளக்கு, அதன் கீழே முப்பது பேர் மூச்சு விடாமல் மேசையைச் சுற்றி வருவதை முதல்முறை பார்ப்பவர் பயந்துபோவார்.

அவளும் பயந்துகொண்டுதான் இருந்தாள். சித்தி தரதரவென்று இழுத்து வராவிட்டால் அவள் ஏன் இங்கே வரப்போகிறாள்...

அவள் இழுத்தாள். அவன் இழுத்தான். தொட்டி திரும்பியது. அதன் வயிற்றில் கருஞ்சிவப்பில் எழுத்துகள்.

'இவள் பெயர் நடிகை. காலையில் ஒரு டம்ளர் தண்ணீர். பகலில் வாடியதுபோல் நடிப்பாள், நம்பாதே.'

அம்மாவின் எழுத்து!

இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து ஓடும் எழுத்து. தொட்டிகளில் நெயில் பாலிஷால் எழுதுவாளே, அதே நிறம், அதே குறும்பு. அவள் கட்டைவிரலால் மெல்லத் தொட்டாள். ஈரம்... விரலில் சிவப்பு ஒட்டிக்கொண்டது.

அம்மா இறந்து பதினோரு மாதம் ஆகிறது.

"அம்மா...!"

முப்பது தலைகள் திரும்பின. பதறிய சித்தி கையில் இருந்த மணியை ஆட்டிவிட்டாள்.

"என்னங்க ஆச்சு? எறும்பு கடிச்சிடுச்சா?" என்றான் அவன்.

"இதை எப்ப எழுதினது?"

"இன்னிக்குக் காலைலதான். காயலையேன்னுதான் நான் பிடிச்சேன். அப்புறம்... தப்பா நினைக்காதீங்க, உங்க கையில மண்ணே இல்லை. நடிகையைக் குடுத்தா நல்ல கையாப் பார்த்துக் குடுன்னு அக்கா சொல்லியிருக்காங்க."

"என் கையைப் பத்தி நீங்க பேச வேணாம். எந்த அக்கா?"

"மொட்டைமாடித் தோட்டத்து அக்கா. நான் ஒரு வருஷமா வெளியூர்ல வேலை. இன்னிக்காவது பார்க்கலாம்னு வந்தேன், காணோம்."

"வர மாட்டாங்க. பதினோரு மாசம் முன்னாடியே போயிட்டாங்க." அவள் குரல் உடைந்தது. "என் அம்மா அவங்க. போனவங்க எழுத்தை இன்னிக்குக் காலைல யாருங்க எழுதினது? இதுல என்னங்க விளையாட்டு உங்களுக்கு?"

அவன் முகம் வெளுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கேட்கவில்லை. எழுத்து மேலே படாமல் தொட்டியை அணைத்து, குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் ஓடினாள். அவன் காரணம் சொல்லிவிட்டால் அந்த எழுத்து வெறும் எழுத்தாகிவிடும், அம்மா இன்னொரு முறை போய்விடுவாள் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

வெள்ளை மாவில் அச்சு எடுத்துப் பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவள் வேலை. அவள் மேசை அலமாரியில் வரிசை வரிசையாகப் பற்கள் ஆளில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும். அதற்கெல்லாம் அவள் பயந்ததே இல்லை. அவள் பயந்தது சொந்த வீட்டு மாடிப்படிக்குத்தான்.

அம்மா போனபின் நாற்பது நாள் அவள் மாடி ஏறவில்லை. ஏறியபோது எல்லாம் குச்சியாகியிருந்தன. அத்தனை செடியும்... அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அவளுக்குள் ஒரே கேள்விதான். அம்மாவுக்கு என் மேல் கோபம் இருக்குமா?

இப்போது ஜன்னலோரத்தில் நடிகை. உச்சிவேளையில் செத்தே போனதுபோல் இலைகளைத் தொங்கவிட்டாள். நாலு மணிக்கு ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து நின்றாள். ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அறை மூலையில் கிடந்த அம்மாவின் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூலையில் கண்ணாடி பீரோ இருக்கிறது, வெளிச்சம் அதில் பட்டு வருகிறது என்று மகளுக்குத் தெரியும். தெரிந்தும், அந்த நாற்காலிக்கு முதுகு காட்டி உட்கார முடியவில்லை.

அப்பா எழுத்தைப் பார்த்தார். கையிலிருந்த டம்ளர் நழுவியது.

"அந்தப் பக்கமாத் திருப்பி வைம்மா..." என்று மட்டும் சொன்னார்.

மறுநாள்தான் அவள் அதைக் கவனித்தாள். தண்ணீர் ஊற்றினால் மண்தொட்டி வியர்க்கிறது. வியர்த்தால் எழுத்து உரிகிறது. 'நம்பாதே' போய்விட்டது. மறுநாள் 'டம்ளர்' போனது. ஃபோனில் படம் எடுத்து வைத்தாள். படத்தில் அது வெறும் எழுத்தாக இருந்தது. ஊற்றினால் அம்மா போகிறாள், ஊற்றாவிட்டால் செடி போகிறது. இன்னொரு முறை சாகவிட அவளால் முடியாது. தினமும் காலையில் அழுதுகொண்டே ஒரு டம்ளர் ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை 'நடிகை' மட்டும் மிச்சமிருந்தது. அவள் வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சித்தியிடம் அவன் விலாசம் கேட்டாள்.

பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்தது அவன் பட்டறை. விளம்பரப் பலகை எழுதுகிறவன். சுவர் முழுக்க யார் யாருடைய கடைப் பெயர்களோ காய்ந்துகொண்டிருந்தன. தகரக் கூரையில் மழை கொட்டியது.

"வாங்க, பல் டாக்டர்."

"டாக்டர் இல்லை. பல்செட் செய்யறவ."

"ஊருக்கெல்லாம் சிரிப்பு செஞ்சு குடுக்கறீங்க... உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சுக்கக் கூடாதா?"

சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் குரல் தணிந்தது. "சித்தி எல்லாம் சொன்னாங்க. எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அந்த எழுத்தை அங்க கொண்டுவந்தே இருக்க மாட்டேன்."

உள்ளே போய் ஒரு சின்னத் தொட்டியை எடுத்து வந்தான். அம்மா கொடுத்த முதல் தொட்டி. அதே வாசகம், நெயில் பாலிஷில், கல்லாய்க் காய்ந்து.

"செடியைப் பதியம் போட்டு இன்னொருத்தருக்குக் குடுக்கும்போது, முதல்ல குடுத்தவங்க எழுதினதை அப்படியே எழுதிக் குடுக்கணும்னு அங்க வழக்கம். மத்தவங்க வார்த்தையைத்தான் பார்த்து எழுதுவாங்க. எனக்குத் தொழில் புத்தி, எழுத்தையே எடுத்துடுவேன். அவசரத்துல போஸ்டர் கலர்ல எழுதிட்டேன். அது தண்ணிக்கு நிக்காது."

ஒரு பலகையை இழுத்து எழுதிக் காட்டினான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தூரிகை இடது பக்கம் சாய்ந்தது. வளைவுகள், வால்கள்... ஒன்றொன்றாக அம்மா வந்தாள். முன்பின் தெரியாத ஓர் ஆண்பிள்ளையின் கைக்குள் அம்மாவின் கை வந்து உட்கார்ந்திருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு எழுதித் தருவீங்களா?"

"சொல்லுங்க."

"'உன் மேல எனக்குக் கோபமில்லை'ன்னு."

தூரிகை நின்றது. அவன் அதைத் தண்ணீர் டப்பாவில் போட்டான்.

"மாட்டேங்க."

"ஏன்? நாலு வார்த்தைதானே!"

"அவங்க சொல்லாததை அவங்க கையால எழுத எனக்கு உரிமை இல்லை. எழுதினா ஒரு வாரம் நம்புவீங்க. அப்புறம் என்னைப் பார்க்கறப்பல்லாம் பொய்னு தோணும். நீங்க என்னை அப்படிப் பார்க்கறதை..." அவன் நிறுத்தினான். "என்னால தாங்க முடியாது."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குடையை எடுத்தாள். வாசலில் கால் வைத்தாள்.

"சொன்னதை வேணா சொல்றேன்," என்றான் முதுகுக்குப் பின்னால். "இந்தத் தொட்டியைக் குடுக்கும்போது சொன்னாங்க. 'என் வீட்ல ஒருத்தி இருக்கா. பல்லு வைப்பா, செடி வைக்கத் தெரியாது. நான் இல்லைன்னா எல்லாத்தையும் வாட விட்டுடுவா. அப்புறம் உட்கார்ந்து அழுவா. அதான் இப்பவே ஊரெல்லாம் குடுத்து வைக்கறேன். அவ கேட்டா திருப்பிக் குடுத்துடுங்க.' சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க."

குடை கீழே விழுந்தது. அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். அம்மாவுக்கு முன்பே தெரியும்! தெரிந்தும் சிரித்திருக்கிறாள். அவன் தவித்துப்போய்க் கையில் அகப்பட்ட துணியை நீட்டினான். துடைத்த பிறகுதான் தெரிந்தது, அது பெயிண்ட் துணி.

"ஐயோ... உங்க கன்னமெல்லாம் நீலம்!"

அவள் சிரித்துவிட்டாள்.

அன்று மாலை அப்பாவிடம் அத்தனையும் சொன்னாள். அப்பா எழுந்து ஜன்னலோரம் போனார். தொட்டியை எழுத்து தெரியும்படி திருப்பி வைத்தார். பிறகு சாவியை எடுத்து மேசையில் வைத்தார். விடிந்தபோது மாடியில் வெற்றுத் தொட்டிகளை அவர் கழுவிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

அடுத்த கடைசி ஞாயிறு. அதே அடித்தளம், அதே அழுமூஞ்சி விளக்கு, அதே மௌனம். ஆனால் மேசையைப் பார்த்து அவள் நின்றுவிட்டாள். 'அதிகம் கொஞ்சாதே, கெட்டுப்போகும்.' 'இதற்கு வெயிலைவிட வம்புப் பேச்சு பிடிக்கும்.' 'பூக்காவிட்டால் மிரட்டிப் பார்.' பதினாலு தொட்டிகள். அம்மா ஊரெல்லாம் கொடுத்து வைத்ததைத் திருப்பிக் கொண்டுவந்த பதினாலு பேர் கையெழுத்து. எல்லாவற்றிலும் அம்மா! முப்பது பேர் மூச்சு விடாமல் நிற்க, அவள் நடக்க நடக்க, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அம்மா பேசிக்கொண்டே வந்தாள். இந்த முறை அவளுக்குப் பயமாக இல்லை.

மேசைக் கோடியில் பதினைந்தாவது ஒன்று இருந்தது. வெறும் மண். செடியே இல்லை. எழுத்தா அது? கோழி கிளறினதுபோல்... ஊர் எழுத்தையெல்லாம் எழுதுகிறவனுக்குச் சொந்த எழுத்து இவ்வளவு கேவலமா!

'இவன் நடிக்கத் தெரியாதவன். காலையில் ஒரு டம்ளர் டீ. பகலில் திட்டினாலும் வாட மாட்டான். உன்னைப் பிடித்திருக்கிறது. நம்பு.'

தூண் அருகே அவன் நின்றான். அந்தப் பெரிய கண்கள் இப்போது சிரிக்கவில்லை, பயந்துகொண்டிருந்தன. மணி அடிக்க இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.

அவள் கட்டைவிரலால் எழுத்தைத் தேய்த்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. நெயில் பாலிஷ்!

ஆறு நிமிடமா...

"எடுத்துக்கிட்டேன்!" என்று அடித்தளம் எதிரொலிக்கக் கத்தினாள்.

"அடியே, மணி இன்னும் அடிக்கலைடி!" என்று அலறினாள் சித்தி.