பெட்ரோல் சரியில்லை

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: பூமியில் ஓடும் எந்த என்ஜினுக்கு எந்த நோய் வந்தாலும், அதைக் காதால் கேட்டே கண்டுபிடிக்கும் ஆற்றல் ஒரே ஒரு மனிதருக்குத்தான் அருளப்பட்டிருந்தது. அறிவித்தவரும் அவரேதான். பட்டறை வாசலில், ஆறடிப் பலகையில், சிவப்பு எழுத்தில்.

ஊர் அவரை ‘காது’ என்றே அழைத்தது. அவரும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். ஒரு முழ நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை என்ஜின் மேல் வைப்பார், பிடியைக் காதில் வைப்பார், கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் பட்டறையில் யாரும் தும்மக்கூடாது. இந்தத் தவக்கோலத்தில் அவரைப் பத்திரிகைக்காரர் ஒருவர் எடுத்த படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. தினமும் காலையில் அதைத் துடைத்த பிறகுதான் மற்ற வேலை.

அன்று மத்தியானத்திலிருந்தே மழை. மூன்று மணிக்கு நீல நிறப் பழைய கார் ஒன்று உள்ளே வந்து நின்றது. இறங்கிய பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். குடையை மடக்கிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“தட்டுற சத்தம் வருது. நாலு மெக்கானிக் பார்த்தாச்சு. என்ஜினையே மாத்தியாச்சு. அப்பவும் வருது.”

“நாலு பேரும் கண்ணால பார்த்திருப்பாங்கம்மா,” என்றார் காது.

“அடுத்த வாரத்துலேருந்து என் பொண்ணு இதுலதான் வேலைக்குப் போகணும். பயமில்லாம அனுப்பலாமான்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்.”

பானட்டைத் தூக்கிப் பிடிக்கும் கம்பி உடைந்திருந்தது. அந்தப் பெண் டிக்கியிலிருந்து ஒரு துடைப்பக் கட்டையை எடுத்து முட்டுக் கொடுத்தாள். கட்டையில் பச்சை டேப் சுற்றியிருந்தது. அதை எங்கோ பார்த்த மாதிரி காதுக்கு ஓர் உறுத்தல். பார்த்த எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ள அவர் என்ன கண்ணா?

என்ஜினை ஓடவிட்டு ஸ்க்ரூடிரைவரை வைத்தார். கண்ணை மூடினார்.

டக். டக். டக்.

சின்ன இடைவெளி.

டக். டக்.

பிஸ்டன் இப்படித் தட்டாது. கனெக்டிங் ராடு தேய்ந்தாலும் இப்படித் தட்டாது. இரும்புக்கு மூச்சு வாங்கும் வழக்கம் கிடையாது. இந்தச் சத்தமோ மூன்று முறை தட்டிவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி இரண்டு முறை தட்டியது. முனையை மேலே ஹெட்டிலிருந்து அடியில் இருக்கும் ஆயில் சம்ப்புக்கு நகர்த்தினார், அங்கிருந்து கியர்பாக்ஸுக்கு. எங்கே வைத்தாலும் அதே தூரத்தில் கேட்டது.

“வண்டிய நிறுத்து,” என்றார்.

பக்கத்து வண்டியில் ஒடுக்கு எடுத்துக்கொண்டிருந்த மைத்துனர் தலையை நிமிர்த்தினார். அக்காவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மாமாவின் பெருமைகளைக் கேட்டு வளர்ந்த டிங்கர் அவர். “நிறுத்தி ரெண்டு நிமிஷம் ஆச்சு மாமா. சாவி அவங்க கையில இருக்கு.”

ஸ்க்ரூடிரைவரின் பிடியில் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.

காது ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று எடுத்துவிட்டார். ஆனாலும் ஆறடிப் பலகை வாசலில் இருக்கிறதே, அதைச் சுமந்துகொண்டு ஓட முடியுமா? “உள்ளே உட்கார்ந்து கேட்டாத்தான் பிடிபடும்,” என்று சொல்லி டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடிகள் நான்கும் மேலே ஏறியே இருந்தன. வெளிச் சத்தம் புகாது, அவர் முறைப்படி அது சரிதான்.

உள்ளே சேற்று வாடை.

மழைச் சத்தம் சட்டென்று நின்றது. தட்டலும் நின்றது. கண்ணாடிகள் உட்புறமாகப் பனித்தன, யாரோ நெடுநேரம் உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருந்த மாதிரி. காது மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

பாதம் குளிர்ந்தது. குனிந்து பார்த்தார். கணுக்கால் வரை கலங்கல் தண்ணீர். கதவின் கைப்பிடியை இழுத்தார். திறக்கவில்லை. தோளால் இடித்தார். தண்ணீர் முழங்காலைத் தொட்டது.

கண்ணாடியில் தட்டினார். மூன்று தட்டு.

மூச்சு வாங்கியது.

இரண்டு தட்டு.

தட்டி முடித்த பிறகுதான் அந்தக் கணக்கு அவருக்கே உறைத்தது.

வெளியே மைத்துனரின் குரல், கிணற்றுக்கு மேலே நின்று பேசுவது போல. “இப்ப நல்லா கேக்குதுக்கா. மூணு, அப்புறம் ரெண்டு. கவலப்படாதீங்க, மாமா இறங்கி வந்து பெட்ரோல் சரியில்லம்பார். எதுன்னாலும் அவருக்கு அதுதான்.”

காது கத்தினார். வாய் திறந்ததே தவிர, வெளியே போனது தட்டல் மட்டும்தான்.

கதவு திறந்தது.

அந்தப் பெண் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “பூட்டவே இல்லையே,” என்றாள். மழை பழையபடி தகரக் கூரையில் இரைந்துகொண்டிருந்தது. தரை விரிப்பு உலர்ந்திருந்தது. அவருடைய பேன்ட் மட்டும் முழங்கால் வரை நனைந்திருந்தது.

“என்ன சத்தம்?” என்று கேட்டாள்.

முப்பது வருடப் பழக்கம் வாயை முந்திக்கொண்டது. “பெட்ரோல் சரியில்லம்மா. ஒண்ணுமில்ல, ஓட்டலாம்.”

“போன வருஷம் என் வீட்டுக்காரர்கிட்டயும் இதத்தான் சொன்னீங்களாம். வீட்டுக்கு வந்து சந்தோஷமா சொன்னார். அப்ப இது வெள்ளைக் கார்.” சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். “அதோ.”

படத்தில் வெள்ளைக் கார். பானட்டுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையில் பச்சை டேப்.

“ரெண்டு நாள் கழிச்சு சுரங்கப்பாதையில என்ஜின் இறுகி நின்னுடுச்சு. இதே மாதிரி மழை. தண்ணி ஏறிடுச்சு. மேலே ஆளுங்க நின்னிருக்காங்க. அவர் உள்ளேருந்து தட்டினது ஒருத்தருக்கும் கேக்கல.”

மைத்துனர் படத்தின் அருகே போய் மூக்கு ஒட்டும்படி பார்த்தார். ஒரு வருடமாகத் தினமும் அதைக் கடந்து போனவர், முதல் முறையாக அதைப் பார்க்கிறார். திரும்பியபோது குரலில் கேலி இல்லை.

“மாமா. முனை என்ஜினத் தொடவே இல்லையே.”

ஒரு விரல்கடை இடைவெளி. அன்று பத்திரிகைக்காரர் முகத்தைக் கொஞ்சம் இப்படித் திருப்பச் சொன்னார். காது திருப்பினார். அந்தப் பக்கம் காரின் சொந்தக்காரர் கைகட்டி நின்று, “என்ன சார் சத்தம்?” என்று கேட்டார்.

காது தரையில் உட்கார்ந்துவிட்டார். “நான் கேக்கலம்மா,” என்றார். “அன்னிக்குக் கேக்கவே இல்ல. போஸ் குடுத்துக்கிட்டிருந்தேன்.”

அந்தப் பெண் தலையசைத்தாள். அந்தச் சொல்லுக்காகத்தான் வந்திருந்தாள். துடைப்பக் கட்டையை எடுத்துவிட்டுப் பானட்டை மூடினாள். சாவியைத் திருப்பினாள். என்ஜின் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஒரு தட்டல் இல்லை. மழைக்குள் கார் மறைகிற வரை மைத்துனர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

“போயிடுச்சு மாமா,” என்றார்.

அந்தக் காரிலிருந்து போய்விட்டது உண்மைதான். அடுத்த வாரத்திலிருந்து அவள் மகள் அதில் வேலைக்குப் போகிறாள். பட்டறை வழியாகப் போகும்போது ஹாரன்கூட அடிப்பதில்லை.

அந்த மழைக்கு மறுநாள் காலையில் காது படத்தைத் துடைக்கவில்லை. கழற்றிச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார். முதல் ஆளாக ஒரு தபால்காரர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் ஏதோ தட்டுகிறது என்றார். காது ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். இந்த முறை முனை நன்றாகத் தொடுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். பிடியைக் காதில் வைத்தார்.

டக். டக். டக்.

பிடியிலிருந்து நீர் கசிந்து அவர் கன்னத்தில் வழிந்தது.

டக். டக்.

“என்ன சார்?” என்றார் தபால்காரர்.

காது கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். “பெட்ரோல்,” என்றார். “பெட்ரோல் சரியில்ல.”

அது பேட்டரி வண்டி.