அலுப்பு வாங்கும் வரிசை

ஏழாம் வார்டு வாசலில் காலை எட்டு மணிக்கே வரிசை நின்றது. மருந்துக்கு அல்ல, செவிலியரின் அலுப்பை வாங்கிக்கொள்ள.

அலுப்புக்கடத்தி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. செவிலியர் கையில் ஒரு பட்டை, வாங்குபவர் கையில் ஒரு பட்டை. பொத்தானை அமுக்கினால் ஓர் உடம்பில் சேர்ந்த அலுப்பு மற்ற உடம்பில் போய் இறங்கிவிடும். நோயாளிக்குத் துணையாக வந்து வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருந்த சனம், முறை வைத்து வாங்கியது. வேலையே வேண்டாம் என்று போன செவிலியர்கள்கூடத் திரும்பிவிட்டார்கள்.

அன்று முதல் ஆள் அய்யாத்துரை. துறைமுகத்தில் உப்பு மூட்டை தூக்குகிறவர். மனைவி சண்முகக்கனி பதினொன்றாம் படுக்கையில் இருந்தாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“முழுசா இறக்குங்க சிஸ்டர். முப்பது வருசம் மூட்டை சுமந்த முதுகு. ஊசி போடுற அலுப்பு என்ன பெரிய அலுப்பு?”

“ரெண்டு நாளா வீட்டுக்கே போகல அண்ணாச்சி. பாதி போதும்,” என்றாள் செவிலி ரெஜினா.

“அட, அமுக்குங்கம்மா!”

வரிசை கைதட்டியது. அவள் அமுக்கினாள். அய்யாத்துரையின் முழங்கால் மடங்கி, பெஞ்சில் பொத்தென்று விழுந்தார்.

“யாத்தே! இது காஞ்ச உப்பு இல்ல, ஈர உப்பு!”

எல்லோரும் சிரித்தார்கள். ரெஜினா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் துள்ளி எழுந்தாள்.

கால் வலி, இடுப்பு வலி அவருக்குப் பழகியவைதான். அவற்றுக்கு அடியில் இன்னொன்று கிடந்தது, நெஞ்சுக்குள். வாசல் வழியே மற்ற படுக்கைகளைப் பார்த்தால் சும்மா இருந்தது. பதினொன்றைப் பார்த்தால் மூச்சை அடைத்தது. மறுபடி பார்த்தார். மறுபடி அடைத்தது.

“சிஸ்டர்… கனி பிழைக்க மாட்டாளா?”

“ஆமா அண்ணாச்சி. நேத்தே ரிப்போர்ட் வந்துட்டு. ரொம்ப நாள் இல்ல,” என்றாள் ரெஜினா, பளிச்சென்ற முகத்தோடு. முந்தின நாள் முழுக்க அதைச் சொல்ல முடியாமல் அவர் கண்ணில் படாமல் ஒதுங்கி நடந்தவள் அவள்தான். “அடுத்தது யாரு? வாங்க, வாங்க!”

அடுத்து நின்றவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் வரிசையே இல்லை.

அய்யாத்துரை பட்டை கட்டிய கையை அவளிடம் நீட்டினார்.

“பாதியத் திருப்பி எடுத்துக்கோங்கம்மா. இதை அவகிட்ட போய்ச் சொல்லணும். எனக்குத் தனியாச் சொல்ல வராது. இந்த மூஞ்சியோட நீங்களும் வரக் கூடாது.”