தாந்தே மேய்ஸ்கேயின் அரை மணி நேரம்

எங்கள் சபையில் தாந்தே மேய்ஸ்கே "இரண்டு மணி" என்று சொன்னால், அதற்கு இரண்டரை மணி என்று அர்த்தம். இது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

வயதில் மூத்த பெண்களைத் தாந்தே என்போம், ஆண்களை ஓம் என்போம். அத்தை, மாமா மாதிரிதான். எங்கள் ஆட்கள் இந்தோனேசியாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தபோது மிளகாய்ச் சாந்தை மறக்காமல் கொண்டு வந்தார்கள், கைக்கடிகாரத்தை மறந்துவிட்டார்கள் என்று அப்பா கேலி செய்வார். யாரும் எதற்கும் நேரத்துக்கு வர மாட்டார்கள்.

அதனால்தான் தாந்தே ஒரு வேலை செய்தார். ஞாயிறு ஆராதனை இரண்டரைக்கு என்றால், இரண்டு மணிக்கு என்று அறிவித்தார். எங்கள் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் இரண்டு என்பார், இவர்கள் மனதுக்குள் அரை மணியைக் கூட்டிக்கொள்வார்கள்.

ஆனாலும் தாந்தே விடமாட்டார். சரியாக இரண்டு மணிக்குக் கைபேசியை எடுத்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுவார்.

"எங்க இருக்கீங்க?"

"வழியிலதான் தாந்தே!"

"எந்த வழியில? குளியலறையிலேருந்து கண்ணாடிக்குப் போற வழியிலயா?"

பக்கத்தில் நின்று பாட்டுப் புத்தகங்களை அடுக்கும் நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். "கெசியா, சிரிக்காதே. அவங்களுக்குக் கேட்டுடும்" என்பார். சொல்லும்போது அவரே சிரித்துக்கொண்டிருப்பார்.

குளிர்காலம் தொடங்கியபோது தாந்தே மேய்ஸ்கே இறந்துபோனார். அந்தச் சிரிப்பு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாகவே இல்லை.

நாற்பதாம் நாள் நினைவு ஆராதனை ஒரு ஞாயிறன்று வந்தது. தாந்தேயின் கணவர் ஓம் யோப்பி சபைக் குழுவில் செய்தி அனுப்பினார்: "ஞாயிறு, இரண்டு மணி." ஓம் அதிகம் பேச மாட்டார். அந்த மூன்று சொற்களை எழுதவே அவருக்கு ஒரு நாள் ஆனதாம்.

அன்று நான் எப்போதும்போல முன்னதாகக் கிளம்பினேன். அம்மா தலைமுடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இரண்டுன்னா இரண்டரைதானே? நீ முன்னால போ, நாங்க வந்துடறோம்."

சபை வாடகைக்கு எடுக்கும் கூடத்தில் நானும் ஓமும் மட்டும்தான். அவர் நாற்காலிகளைப் போட்டார், நான் பாட்டுப் புத்தகங்களை வைத்தேன். முன்னால் மேசைமேல் தாந்தேயின் படம். பக்கத்தில் ஒரு தட்டு நிறைய பனாடா, அதாவது மீன் வைத்துப் பொரித்த ரொட்டி. தாந்தே செய்தால் பிறை நிலா மாதிரி இருக்கும். ஓம் செய்தது பழைய காலணி மாதிரி இருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு மணி ஆனது. ஓம் எழுந்து நின்று, கழுத்துப்பட்டையைச் சரிசெய்து, வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை.

இரண்டு ஐந்து. ஓம் உட்கார்ந்தார்.

இரண்டு பத்து. ஓம் படத்தை எடுத்துத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

"ஓம், என்ன பண்றீங்க?"

"வீட்டுக்குப் போலாம், கெசியா." அவர் குரல் கம்மியிருந்தது. "அவ பதினாறு வருஷம் ராத்திரி முழுக்க காலணித் தொழிற்சாலையில நின்னா. காலையில தூங்காம எத்தனை பேர் பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விட்டா! புதுசா வந்தவங்க எல்லாரும் முதல்ல எங்க வீட்டுலதான் சாப்பிட்டாங்க. நாற்பது நாள்ல மறந்துட்டாங்களே."

"மறக்கல ஓம்! இரண்டரைக்கு வந்துடுவாங்க."

"நான் இரண்டுன்னுதானே எழுதினேன்? மூன்றரைக்குக் கூடத்தை ஒப்படைக்கணும். அதனால இரண்டுன்னா இரண்டுதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓம் நிஜமாகவே இரண்டு மணியைச் சொல்லியிருக்கிறார்! தாந்தே வண்டியில் ஏறச் சொன்னால் ஓம் ஏறுவார், இறங்கச் சொன்னால் இறங்குவார். அதன்பிறகு வெளியே பனியில் நின்று கார்களுக்கு இடம் காட்டுவார். கடிகாரமே கட்ட மாட்டார். ஊருக்கே தெரிந்த ரகசியம் அவருக்கு மட்டும் தெரியாது.

"ஓம்... தாந்தே எப்பவும் அரை மணி முன்னாலதான் நேரம் சொல்வாங்க. அது எல்லாருக்கும் தெரியும். இன்னைக்கும் அப்படித்தான்னு நினைச்சுட்டாங்க."

ஓம் என்னையே பார்த்தார். "எல்லாருக்கும் தெரியுமா?"

"ஆமா."

"போதகருக்கு?"

"தெரியும்."

"என் பிள்ளைங்க மூணு பேருக்கும்?"

"அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும்."

ஓமின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். பார்த்தால் சிரிக்கிறார்! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு, கள்ளி!"

"ஓம், தாந்தேயோட போன் இருக்கா?"

அவர் கோட்டுப் பையிலேயே இருந்தது. நான் முதலில் ஓம் வெம்பியைக் கூப்பிட்டேன். மறுமுனையில் 'ஐயோ' என்று ஒரு அலறல். ஏதோ விழுந்து உடைந்தது.

"யா... யாரு?"

பாவம், அவர் கைபேசியில் தாந்தேயின் பெயர் வந்திருக்கும்! நான் அதை யோசிக்கவே இல்லை.

"நான் கெசியா பேசறேன் ஓம். எங்க இருக்கீங்க?"

"வழியிலதான்!" பின்னால் முடி உலர்த்தும் இயந்திரம் இரைந்தது.

"எந்த வழியில? குளியலறையிலேருந்து கண்ணாடிக்குப் போற வழியிலயா?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "இதோ வந்துட்டேன்மா" என்றார் ஓம் வெம்பி. குரல் தழுதழுத்தது.

ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டேன். தாந்தே ஹெர்லின் அழுதார். போதகர், "நிஜ இரண்டு மணியா!" என்று கத்திவிட்டு வண்டியை முடுக்கினார். அம்மா சத்தமே போடவில்லை. "ஓமைப் பத்திரமாப் பாத்துக்கோ, அஞ்சு நிமிஷம்" என்றார்.

அதற்குள் ஓம் படத்தைச் சுற்றிய துணியைப் பிரித்து, மறுபடி மேசைமேல் வைத்தார்.

வாசலில் கார்கள் வந்து நின்றன. ஓம் வெம்பி ஈரத் தலையோடு ஓடி வந்தார். தாந்தே ஹெர்லினின் காலில் ஒரு கறுப்புச் செருப்பு, ஒரு பழுப்புச் செருப்பு. அம்மாவின் தலையில் பாதி முடிதான் சுருண்டிருந்தது. தாந்தே மேய்ஸ்கேயின் மகள் நேராக ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார். இரண்டே முக்காலுக்கு உட்கார இடமில்லை, நாங்கள் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தோம்.

பாட்டு முடிந்ததும் ஓம் ஒரு காகிதத்தோடு எழுந்தார். தாந்தேயின் பிறந்த ஊர், பிள்ளைகள், பாடகர் குழு எல்லாம் அதில் எழுதியிருந்தது. ஓம் அதை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டார்.

"இன்னைக்கு அரை மணி நேரம் நானும் கெசியாவும் மட்டும் இங்க காத்திருந்தோம்" என்றார். "இத்தனை வருஷமா இந்த அரை மணி நேரத்துல அவ என்ன பண்ணினான்னு இப்பத்தான் தெரிஞ்சுது. ஒருத்தரையும் விடாம உங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கா. அவளை நான் ரொம்பத் தேடறேன்."

எல்லோரும் அழுதார்கள். அழுதுகொண்டே பனாடா சாப்பிட்டார்கள். காலணி வடிவத்தில் இருந்தாலும் ருசி தாந்தேயின் ருசிதான். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கிளம்பும்போது ஓம் கையைத் தட்டினார்.

"அடுத்த ஞாயிறு ஆராதனை இரண்டு மணிக்கு. சரியா இரண்டு மணி!"

எல்லோரும் பணிவாகத் தலையாட்டினார்கள். அம்மாவின் கைபேசியை எட்டிப் பார்த்தேன். 'இரண்டரை' என்று குறித்துக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்தேன். ஓம் யோப்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.