ஏணிப் படியில் ஈரம்

அக்டோபர் 24, வியாழன். இன்றைய தவறு: வெள்ளம் வந்தபோது வாதி ஆற்றைக் கடக்க வண்டியில் ஏற்றிக்கொண்டவர்கள் ஏழு பேர் என்று முதலில் எழுதினேன். எட்டாக இருக்கலாம். சரியாக எண்ணவில்லை.

மாலை வகுப்பு ஆசிரியை சொல்லிக்கொடுத்த முறை அது. நோட்டுப் பக்கத்தின் தலையில் அன்றைய தவறு, அடியில் மறுநாள் வேலை. ரய்யா ஏழு மாதமாக ஒரு நாளும் விட்டதில்லை. கடைசி வாக்கியத்தை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினாள்.

வண்டி அண்ணன் மாஜிதுடையது. அவன் எண்ணெய் வயலில் வேலைக்குப் போனால் திரும்ப ஒரு மாதம் ஆகும். பாலைவனத்துக்கென்று உயர்த்திக் கட்டிய வண்டி. எஞ்சினுக்குள் தண்ணீர் புகாமலிருக்கக் கூரை வரை போகும் காற்றுக் குழாய், பின்கதவில் ஐந்து படி இரும்பு ஏணி. ரய்யா இரண்டு மெத்தைகளை அடுக்கி அதன் மேல் உட்கார்ந்துதான் ஓட்டுவாள். கடைத்தெருவில் அதை நிறுத்த இடம் தேடுவதற்குள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிடுவார்கள்.

"ஆளே இல்லாம வண்டி தானா வருதேன்னு பயந்துட்டேன் புள்ள" என்பார் பக்கத்து வீட்டு ஹமூத் சாச்சா, பார்க்கும்போதெல்லாம்.

"அடுத்த தடவை நின்னுக்கிட்டே ஓட்டறேன் சாச்சா."

இந்த வண்டி இல்லாமல் முடியாது. உம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மருத்துவமனை எண்பது கிலோமீட்டர். நடுவில் அந்த வாதி. வருடம் முழுக்கக் கூழாங்கல், மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் ஆறு.

அன்று உம்மாவோடு திரும்பும்போது வாதி ஓடிக்கொண்டிருந்தது. கரையில் சின்ன வண்டிகள் வரிசையாக நின்றன. பெரிய வண்டி வந்தால் கரையில் நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டும். யாரும் கேட்பதில்லை, யாரும் மறுப்பதுமில்லை. உம்மாவை ஒட்டி இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் ஏறினார்கள். பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் நான்கு ஆண்கள் ஏறினார்கள். வண்டியின் உடம்பில் இரண்டு தட்டு விழுந்தது. இரண்டு தட்டினால் கிளம்பு, ஒன்று தட்டினால் நிறுத்து. கிளம்பினாள்.

நடு ஓட்டத்தில், பழுப்புத் தண்ணீர் கதவை நெருக்கித் தள்ள, ஈரத் துணியும் டீசலும் யாரோ மடியில் வைத்திருந்த பேரீச்சம்பழமும் கலந்த மூச்சுமுட்டும் வாடையில், குழந்தையின் அழுகைக்கும் எஞ்சினின் உறுமலுக்கும் அடியில், பின்பக்கத்திலிருந்து ஒரு தட்டு கேட்டது.

ஒன்றே ஒன்று.

தண்ணீரில் நிறுத்தக் கூடாது. அண்ணன் முதல் நாளே சொன்ன பாடம் அது. நிறுத்தவில்லை. அக்கரையில் ஏழு பேர் இறங்கினார்கள். ஏணியின் கீழ்ப் படியில் ஒரு நீல ரப்பர் செருப்பு சிக்கியிருந்தது. இழுத்து எடுத்து, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, முள் புதருக்குள் எறிந்தாள்.

ஞாயிறு விடியலில், தொழுகை முடித்து எஞ்சினைச் சூடாக்கப் போனபோது, ஏணியின் முதல் படி நனைந்திருந்தது. பனி என்று நினைத்தாள். கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது.

ஹமூத் சாச்சா ஆட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே பேசினார். "பேரீச்சந் தோட்டத்துல வேலை பாத்த ஒருத்தனக் காணோமாம். மூணு நாளா கீழ் வாதியெல்லாம் தேடறாங்க. நீ அன்னைக்கு அந்தப் பக்கம்தானே வந்தே?"

"நான் ஏத்தினவங்க எல்லாரும் இறங்கிட்டாங்க சாச்சா."

"அதான் கேட்டேன்."

ஓடும் வெள்ளத்தில் இறங்கியது தெரிந்தாலே வண்டியைப் போலீஸ் எடுத்துக்கொள்ளும். ஆள் போனது தெரிந்தால் அவளையும். செவ்வாய் உம்மாவை யார் கொண்டுபோவது? வியாழன்? இரண்டு தடவை தவறினால் போதும்.

திங்கள் இரண்டாம் படி. செவ்வாய் மூன்றாம் படி. துடைத்தால் துணியில் மெல்லிய சேறு. அதில் அழுகிய நாணலின் வாடை. மற்ற படிகள் தொட்டால் புழுதி. நோட்டில் எழுதினாள், கிழித்தாள். வாதியைக் கடக்கும்போதெல்லாம், வெயிலில் கல் வெளுத்துக் கிடக்கும் அந்த நடு இடத்தில், ஒரு தட்டு. நிறுத்தாமல் போனாள்.

புதன் நான்காம் படி. அண்ணனைப் போனில் கூப்பிட்டாள்.

"ஏணியக் கழட்டிடட்டுமா அண்ணே? சத்தம் போடுது."

"ரெண்டு மெத்தை போட்டு உக்கார்ற ஆளு ஸ்பேனர் புடிக்கப் போறியா? நட்டு துரு ஏறிக் கிடக்கும். வை, நான் வந்து பாக்கறேன்."

வியாழன் ஐந்தாம் படி. அன்று மாலை வகுப்புக்குப் போகாமல் நான்கு நட்டுகளையும் கழற்றினாள். உள்ளங்கை கிழிந்தது. ஏணியைக் கொட்டகையில் சுவரோடு சாத்தினாள். வெள்ளியும் சனியும் ஒன்றுமில்லை. ஏணி உலர்ந்திருந்தது. பின்கதவு உலர்ந்திருந்தது. ரய்யா இரண்டு நாளும் நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிறு, உம்மா தண்ணீர் கேட்கவில்லை.

மூன்று வருடமாக உம்மாவின் நாளே தண்ணீர்தான். நாள் முழுவதற்கும் மூன்று சிறிய குவளை, அதற்கு மேல் ஆகாது. கெஞ்சுவாள், திட்டுவாள், ஐஸ்துண்டை எண்ணி வாங்கி நாக்கின் அடியில் ஒளித்துவைப்பாள். அன்று குவளையை நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தாகமே இல்ல."

"ஒரு வாயாவது உம்மா."

"நெறஞ்சு கெடக்குடி."

வண்டியின் பின்சீட்டில் அவளை ஏற்றும்போது கனத்தாள். எப்போதும் ஒரு கையால் தாங்கித் தூக்கிவிடுகிற உடம்பு. சீட்டுத் துணியை அழுத்தினாள் ரய்யா. விரலிடுக்கில் தண்ணீர் ஊறி வந்தது.

மருத்துவமனையில் ஸுவாத் நர்ஸ் எடை பார்த்தாள். இறக்கிவிட்டு மறுபடியும் ஏற்றினாள்.

"ஒம்பது கிலோ கூட இருக்கு. என்ன குடுத்தே?"

"ஒண்ணுமே குடிக்கலயே."

"காலு வீங்கல, மூச்சு திணறல." ஸுவாத் ரய்யாவை எடைக் கருவியில் ஏற்றிப் பார்த்தாள். கருவி சரியாகத்தான் காட்டியது. "ஒரே நாள்ல இவ்வளவையும் எடுக்க முடியாது. நாளைக்கும் கூட்டிட்டு வா. தவறவிட்டுடாதே, ரய்யா. நெஞ்சு தாங்காது."

நான்கு மணி நேரம் இயந்திரம் ஓடியது. முடிந்து எடை பார்த்தபோது முள் இம்மியும் இறங்கவில்லை.

திரும்பும் வழி. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மலை உச்சியில் கருமேகம். கைப்பேசியில் மழை எச்சரிக்கை. பின்சீட்டில் உம்மா, தலையைக் கண்ணாடியில் சாய்த்து, கண் மூடி. ஏசி காற்றில் நாணல் வாடை.

"உம்மா, அன்னைக்கு வெள்ளத்துல உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா?"

உம்மா கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"எனக்குக் கேட்டுச்சு. உனக்கும் கேட்டுச்சு. ஏணியில இருந்தான். அதையும் கழட்டிட்டே. எங்க போவான் அவன்?"

குரல் உம்மாவுடையதுதான். தொண்டையில் தண்ணீர் கொப்புளித்தது.

வாதி. இறக்கம். கூழாங்கல்.

நடு இடம்.

ஒரு தட்டு.

வெளியிலிருந்து அல்ல.

திரும்பிப் பார்த்தாள். உம்மாவின் கண்கள் மூடியிருந்தன. வாய் லேசாகத் திறந்து, உதட்டோரத்திலிருந்து பழுப்புத் தண்ணீர் நூலாக இறங்கி, மடியில் தேங்கி, கீழே சொட்டிக்கொண்டிருந்தது. மடக்கிய விரல் ஜன்னல் கண்ணாடியின் மேல் இருந்தது. ஒரு கால் வெறுங்கால். மற்றதில் நீல ரப்பர் செருப்பு.

விரல் மறுபடியும் உயர்ந்தது.

ரய்யா நிறுத்தவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு. இன்றைய தவறு: எட்டு பேர். ஏற்றும்போதே தெரியும்.

நாளை: ஆறு மணிக்கு உம்மாவோடு கிளம்ப வேண்டும். மழை பெய்தாலும். வாதி ஓடினாலும். தட்டினால் நிறுத்த வேண்டும்.