நாலு கஜம் குறையுது

டெலிபோன் அலறியது.

1971 நவம்பர். ஞாயிற்றுக்கிழமை. மதியம் ஒன்று இருபது.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில், டாக்டர் சியாமளா எண்ணெயில் அப்பளத்தைப் போட்ட நேரம் அது.

"ஏங்க, கொஞ்சம் எடுங்களேன்."

கணவன் சுந்தரராஜன் எடுத்தான். கேட்டான். முகம் வெளுத்தது.

"உனக்குத்தான். நியூரம்பெர்க் போலீஸ்..."

அவள் ரிசீவரை வாங்கினாள். மறுமுனையில் ஒரு கரகரத்த குரல்.

"டாக்டர் சியாமளா? நான் இன்ஸ்பெக்டர் ப்ரூக்னர். ப்ரொஃபசர் வெய்லாண்ட் உங்களுக்கு யாரு?"

"என்னோட கைடு. யூனிவர்சிட்டி கண் ஆஸ்பத்திரில அவர்கிட்டதான் ரிசர்ச் பண்றேன். ஏன்?"

"அவர் டைரில இன்னைக்கு ரெண்டரை மணிக்கு உங்க பேர் இருக்கு. 'சியாமளா, கண் பார்க்கும் கருவியோடு'ன்னு எழுதியிருக்கார். அந்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு அவர் வர முடியாது."

"ஏன்?"

"செத்துட்டார். இங்க பாக்ஸிங் ஹால்ல அடிச்சுக் கொன்னுட்டாங்க."

அடுப்பில் அப்பளம் கருகிக் கரியானது. யாரும் கவனிக்கவில்லை.

பழைய ஃபோக்ஸ்வாகன் நியூரம்பெர்க்கை நோக்கிப் பறந்தது. சுந்தரராஜன் எஞ்சினியர். சொந்த ஊர் கரூர். அப்பா ஜவுளிக்கடை. குத்துச்சண்டை என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம்.

"ப்ரொஃபசருக்கும் பாக்ஸிங்குக்கும் என்ன சம்பந்தம் சியாமளா?"

"சண்டே ஆனா ரிங் டாக்டரா போவார். நேத்து சாயந்திரம் போன் பண்ணினார். 'லூனாவோட இடது கண்ணுல ரெட்டினா பிஞ்சு தொங்குது. பார்வையே இல்ல. நாளைக்கு நீயும் ஒரு தடவை பார்த்துச் சொல்லு. ஃபைட்டை நிறுத்தப்போறேன்'னார்."

கார் ஒரு குலுங்கு குலுங்கியது.

"எஸ்தெபான் லூனாவா? அவன் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. ரோட்டைப் பாருங்க."

"டெக்சாஸ்காரன். அப்பா, அம்மா மெக்சிகோல இருந்து பருத்தி பறிக்க வந்தவங்க. அறுபத்து மூணுல அமெரிக்க ஆர்மி சோல்ஜரா ஜெர்மனிக்கு வந்தான். ஆர்மியை விட்டான், இங்கயே ப்ரொஃபஷனல் ஆனான். நாற்பத்தொரு ஃபைட். முப்பத்தாறு ஜெயிச்சிருக்கான். இன்னைக்கும் ஜெயிச்சா லாஸ் ஏஞ்சலஸ்ல வேர்ல்ட் டைட்டில் ஃபைட்."

"இடது கண்ணு இல்லாமலா?"

சுந்தரராஜன் ஆக்சிலேட்டரை மிதித்தான்.

குத்துச்சண்டை ஹாலின் பின்பக்கம் டாக்டர் அறை.

வெய்லாண்ட் மல்லாந்து கிடந்தார்... அவர்தான் என்று போட்டிருந்த கோட்டை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது!

தாடை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மூக்கு இருந்த இடத்தில் மூக்கு இல்லை. விலா எலும்பு மூன்று உள்ளே போயிருந்தது. கடைசி அடியில் பின்மண்டை, அறையைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டரில் மோதியிருக்கிறது. அதில் ஒட்டியிருந்த ரத்தம் சூட்டில் காய்ந்து கறுத்துக்கொண்டிருந்தது.

சியாமளாவுக்கு அழுகை வந்தது. மூன்று வருடம் கற்றுக்கொடுத்தவர். அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"பல்லு இடுக்குல ஒரு வெள்ளை நூல் இருக்கு இன்ஸ்பெக்டர்."

ப்ரூக்னர் இடுக்கியால் எடுத்தார். ஆறடி உயரம். வால்ரஸ் மீசை.

"பேண்டேஜ் துணி நூல். டாக்டர் ரூம்ல பேண்டேஜ் இல்லாம பஞ்சாமிர்தமா இருக்கும்?"

அவர் ஜெர்மனில் சொன்னது வேறு. ஆனால் அர்த்தம் இதுதான்.

"இவர் பேண்டேஜ் அலமாரி பூட்டியிருக்கு. சாவி இவர் பாக்கெட்லயே இருக்கு," என்றாள் சியாமளா.

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். நூல் ஒரு கவருக்குள் போனது.

"எப்ப செத்தார்?"

"பன்னிரண்டு மணிக்கு உயிரோட பார்த்திருக்காங்க. பன்னிரண்டரைக்குப் பொணமா. சரி, அந்தக் கண் விஷயம் வேற யாருக்குத் தெரியும்?"

"லூனாவுக்குத் தெரியாம இருக்குமா?"

லூனாவின் அறை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் எஸ்தெபான் லூனா. முப்பது வயது. இரண்டு புருவத்திலும் பழைய தையல். அவனருகில் ஒரு கிழவர் நின்றார். ஓட்டோ. லூனாவின் ட்ரெயினர். ஒரு காலத்தில் அவரும் குத்துச்சண்டைக்காரர்தான். இப்போது தொப்பை, மூக்குக்கண்ணாடி, கழுத்தில் ஒரு டவல்.

"கையை நீட்டு," என்றார் ப்ரூக்னர்.

லூனா நீட்டினான். பத்து விரல். எட்டு முட்டி. ஒரு கீறல் இல்லை! தாடையை உடைத்த வெறும் கை என்றால் தோல் கிழிந்து தொங்க வேண்டாமா?

"டாக்டரை உனக்குப் பிடிக்காதோ?"

"நல்ல மனுஷன் சார்." லூனா தரையைப் பார்த்தான். "ரொம்ப நல்ல மனுஷன்."

"உன் இடது கண்ணு?"

ஓட்டோ குறுக்கே வந்தார். "அவன் கண்ணுக்கு என்ன சார்? கழுகுக் கண்ணு. வேற டாக்டரை வெச்சுப் பாருங்க."

வேறு டாக்டர் கூட்டத்திலிருந்து கிடைத்தார். எலும்பு டாக்டர். சுவரில் எழுத்துப் பலகையை மாட்டினார். லூனா வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை கடகடவென்று ஒப்பித்தான்.

"மனப்பாடம்," என்றாள் சியாமளா. "என்னைப் பார்க்க விடுங்க. ரெண்டு நிமிஷம் போதும்."

எலும்பு டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க ரிசர்ச் ஸ்டூடண்ட்மா. இங்க கையெழுத்துப் போடற அதிகாரம் உங்களுக்கு இல்ல."

போட்டியை நடத்துபவர் ஒரே வரியில் முடித்தார். "உள்ள அஞ்சாயிரம் பேர் உட்கார்ந்திருக்காங்க. நிறுத்தினா இன்னைக்கு ரெண்டாவது கொலை விழும்."

ப்ரூக்னரும் தலையாட்டினார். சண்டை முடியும்வரை கொலைகாரன் இந்தக் கட்டடத்தை விட்டுப் போகமாட்டான் என்பது அவர் கணக்கு.

க்ளவுஸ் மாட்டும் முன் கைக்குத் துணி சுற்றும் நேரம் வந்தது. எதிராளி ஜெர்மன் சாம்பியன். அவன் தரப்பிலிருந்து காஸ்பர் என்ற ஒல்லிப்பிச்சான் வந்து எதிரில் உட்கார்ந்தான். அது வழக்கம். துணிக்குள் இரும்போ சுண்ணாம்போ வைத்துச் சுற்றிவிடாமல் எதிராளியின் ஆள் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பான்.

"துணி எங்கிருந்து வருது?" என்று கேட்டார் ப்ரூக்னர்.

"போட்டி நடத்தறவங்க கொடுப்பாங்க," என்றான் காஸ்பர். "பன்னிரண்டு மணிக்குக் கொடுத்தாங்க. கைக்கு ஒரு சுருள். ஒவ்வொண்ணும் பன்னிரண்டு கஜம். வெளியிலிருந்து ஒரு துண்டு கொண்டுவர முடியாது. வாசல்லயே பையைக் கொட்டிப் பார்ப்பாங்க."

ஓட்டோ சுற்றினார். மணிக்கட்டு, உள்ளங்கை, முட்டி, விரலிடுக்கு. இடது கை முடிந்தது. வலது கை முடிந்தது. மேலே பிளாஸ்திரி. காஸ்பர் அமுக்கிப் பார்த்து, பிளாஸ்திரி மேல் பேனாவால் கையெழுத்துப் போட்டான்.

ஓட்டோ குனிந்து லூனாவின் முகத்தைப் பார்த்தார்.

"இறுக்கமா இருக்கா? தளர்த்தணுமா?"

"சரியா இருக்கு ஓட்டோ."

"எட்டு வருஷமா இதையே கேட்கறார், இதையே சொல்றேன்," என்றான் லூனா சியாமளாவிடம். சிரித்தான். சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை.

மணி அடித்தது!

முதல் ரவுண்டிலேயே ரத்தம். சாம்பியனுக்கு விஷயம் தெரியாது. ஆனால் அவன் வலது கைக்குத் தெரிந்துவிட்டது... அந்தப் பக்கத்திலிருந்து எது போனாலும் லூனா பார்க்கவில்லை என்று!

தொம். தொம். தொம்.

இடது புருவம் பிளந்தது. மூன்றாவது ரவுண்டில் லூனா ஒரு பல்லைத் துப்பினான். குருட்டுப் பக்கத்தை மறைக்க உடம்பைத் திருப்பினான். திரும்பியதால் அவன் பேர்போன இடது கைக்கு வேலை இல்லை. வலது கையாலேயே அடித்தான். சாம்பியனின் மூக்கு நொறுங்கியது. முன்வரிசைக்காரர்களின் சட்டையில் சிவப்பு தெறித்தது. கூட்டம் கத்தியது. கூட்டத்துக்கு என்ன... மூக்கு அவர்களுடையது இல்லையே!

ஆறாவது ரவுண்டு. லூனா வலது கையை முழு வேகத்தில் வீசினான். அது சாம்பியனின் நெற்றி எலும்பில் இறங்கியது.

சடக்!

முன்வரிசையில் இருந்த சுந்தரராஜனுக்கே கேட்டது.

"கை போச்சு சியாமளா."

லூனா கையைத் தொங்கவிட்டான். அடுத்த நிமிடம் பதினோரு அடி வாங்கினான். பன்னிரண்டாவது அடியில் முழங்காலிட்டான். ரெஃப்ரி இரண்டு கையையும் ஆட்டி நிறுத்தினார்.

லாஸ் ஏஞ்சலஸ் அன்றோடு போயிற்று.

மறுபடி லூனாவின் அறை. ஓட்டோ கத்தரிக்கோலோடு பாய்ந்து வந்தார்.

"வெட்டி எடுத்துடறேன். வலிக்கும் பாவம்."

"வெட்டாதீங்க," என்றாள் சியாமளா. "எலும்பு முறிஞ்சிருக்கு. அசைக்காம பிரிக்கணும். இதுக்குக் கையெழுத்து வேண்டாம்ல?"

எலும்பு டாக்டர் ஒதுங்கி வழிவிட்டார். அவள் பிளாஸ்திரியை உரித்தாள். துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். திடீரென்று துணி முடிந்துவிட்டது! சட்டென்று இடது கையையும் பிரித்தாள். அது வந்துகொண்டே இருந்தது.

"ஏங்க, இந்த ரெண்டையும் அளந்து பாருங்களேன்."

ஜவுளிக்கடைக்காரர் மகனுக்கு ஸ்கேல் எதற்கு? சுந்தரராஜன் துணியின் ஒரு முனையை மூக்கு நுனியில் வைத்தான். கையை முழுதாக நீட்டி இழுத்தான். ஒரு கஜம். கரூரில் பத்து வயதிலிருந்து அளந்த கை அது.

"இடது கை... பன்னிரண்டு. கரெக்ட்."

அடுத்த துணி.

"ஆறு... ஏழு... எட்டு." நிமிர்ந்தான். "நாலு கஜம் குறையுது."

ப்ரூக்னர் காஸ்பரைப் பிடித்தார்.

"நீதானேய்யா கையெழுத்துப் போட்டே?"

"அதிகமா சுத்தினா கத்தியிருப்பேன் சார். குறைச்சா எனக்கென்ன? எங்காளுக்கு நல்லதுதானே?"

சியாமளா மெல்லச் சொன்னாள்.

"நூல் எங்கிருந்து வந்துதுன்னு புரியுதா இன்ஸ்பெக்டர்? பாக்ஸர்ங்க வெறும் கையால குத்தமாட்டாங்க. குத்தினா எலும்பு போயிடும்னு உடம்புக்கே தெரியும். கொலை பண்ணப் போகும்போதும் கையைச் சுத்திக்கிட்டுத்தான் போயிருக்காங்க. ரத்தம் பட்ட நாலு கஜத்தை வெட்டி எறிஞ்சாச்சு. வேற துணிக்கு வழியில்ல. மீதியைத்தான் இந்தக் கைக்குச் சுத்தியிருக்காங்க."

"அதான் முட்டில கீறல் இல்ல!" ப்ரூக்னர் விலங்கை உருவினார். லூனாவின் மேல் பாய்ந்தார். "எழுந்திருடா. கையைக் கொடு."

உடைந்த கையின் மணிக்கட்டைப் பற்றினார். லூனா வலியில் துடித்தான்.

"அந்தக் கையில போடாதீங்க சார்."

சொன்னது ஓட்டோ.

"அது உடைஞ்சிருக்கு. என் கையில போடுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். கிழவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி டவலில் துடைத்தார்.

"கெஞ்சினேன். 'இந்த ஒரு ஃபைட் மட்டும் விடுங்க டாக்டர், எட்டு வருஷ உழைப்பு'ன்னு சொன்னேன். முடியாதுன்னுட்டார். வெளியே வந்தேன். கையில அந்தச் சுருள் இருந்துது. நின்ன இடத்துலயே சுத்தினேன்... ஏன் சுத்தினேன்னு யோசிக்கவே இல்ல. ஐம்பது வருஷப் பழக்கம். உள்ள போனேன். முதல் அடிக்கு அப்புறம் என்னால நிறுத்த முடியல."

"குறைஞ்ச சுருளை ஏன் வலது கைக்குச் சுத்தினீங்க?" சுந்தரராஜன் கேட்டான்.

"இவன் ஜெயிக்கறது இடது கையால தம்பி. வலது கைக்கு எட்டு கஜம் தாங்கும்னு நெனச்சேன்." ஓட்டோ லூனாவைப் பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது. "உனக்காகத்தான் பண்ணினேன் எஸ்தெபான். உன் கண்ணு விஷயம் அந்தாளுக்கு யாரு சொன்னாங்கன்னே தெரியல."

லூனா தலையைத் தூக்கினான். வீங்கி மூடிய இடது கண். ரத்தம் கட்டிய வலது கண்.

"நான்தான் சொன்னேன் ஓட்டோ."

கிழவரின் கையிலிருந்து கண்ணாடி விழுந்தது.

"வெள்ளிக்கிழமை நானே அவர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். 'எனக்குப் போதும் டாக்டர். இருக்கற ஒரு கண்ணோட வீட்டுக்குப் போறேன். ஆனா ஓட்டோ முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. நீங்க தடை போட்டுட்டா அவர் என்னைக் குத்தம் சொல்லமாட்டார்'னு சொன்னேன். ரகசியமா வெச்சுக்கறேன்னார். வெச்சுக்கிட்டார், பாவம்... சாகற வரைக்கும்."

"அப்புறம் ஏன்யா இன்னைக்கு ரிங்ல ஏறினே?" ப்ரூக்னர் உறுமினார்.

"அவர் செத்தப்புறம் கண்ணு தெரியலைன்னு சொல்லியிருந்தா, அதை மறைக்கக் கொன்னதா யாரை சார் உள்ள போட்டிருப்பீங்க?"

இன்ஸ்பெக்டர் லூனாவின் கையை விட்டார். விலங்கு இடம் மாறியது. ஓட்டோ இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்... இத்தனை வருடம் லூனா தன்னிடம் நீட்டியதைப் போலவே.

கிளிக்.

லூனா உடைந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தான். கிழவரின் முகத்துக்கு நேராகக் குனிந்தான்.

"இறுக்கமா இருக்கா ஓட்டோ? தளர்த்தணுமா?"