தலைவருக்கும் ஓர் இருக்கை

சிங்கப்பூரின் ஈசூனில் பெரியப்பா பாலகிருஷ்ணன் வீட்டு வரவேற்பறையில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

சுவரை அடைத்து நின்ற பெரிய தொலைக்காட்சியில்தான் அந்த ஆறு. அதன் கரையில் கூம்புக் கூரை வேய்ந்த குடிசைகள், தினை விளையும் வயல்கள், கட்டைவிரல் உயரத்துக்குக் குட்டிக் குட்டி மனிதர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ராஜீவ் அண்ணா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளையாடத் தொடங்குவான். அவனுடைய சித்தப்பா மகள்கள் வர்ஷாவும் தாரணியும் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

பார்ப்பார்கள், அவ்வளவுதான். கண்ட்ரோலர் ராஜீவின் கையை விட்டு இறங்காது. அவன் பெரியப்பாவின் மகன். வீட்டுப் பிள்ளைகளில் மூத்தவன். மூத்தவன் கையில் இருப்பதை இளையவர்கள் கேட்டு வாங்குவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை.

வர்ஷாவுக்கு அதில் பெரிய வருத்தம் கிடையாது. பார்ப்பதே அவளுக்குப் போதும். பார்க்கப் பார்க்க மின்விசிறியின் காற்று ஆற்றங்கரைக் காற்றாக மாறிவிடும். சிவப்புத் துணி உடுத்திய குட்டிப் பெண் ஒருத்தி, குடத்தோடு ஆற்றுக்கும் குடிசைக்கும் நடந்துகொண்டே இருப்பாள். அவள் வீட்டில் இன்று என்ன சமையல், அவள் பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா என்றெல்லாம் வர்ஷா யோசிப்பாள். இந்தப் பெண் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிறாள் என்று பெரியம்மா அமலா கேலி செய்வார்.

குலத்துக்குப் பெயர் வைக்கும்படி விளையாட்டு கேட்ட அன்று, சோபாவில் சாய்ந்திருந்த பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மருதப்பன் என்று வைக்கச் சொன்னார். அது பெரியப்பாவுடைய தாத்தாவின் பெயர். அந்தப் பெயரை இன்றுவரை யாரும் ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை.

"பேர வெச்சிட்டீங்க. இனிமே அதக் கெடுக்காம பாத்துக்கணும்," என்றார்.

அன்று முதல் அது வெறும் விளையாட்டாக இல்லை.

தலைவர் ஒருவர் இறந்துபோனால், அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அவருடைய பிள்ளைகளை எல்லாம் திரையில் வரிசையாக நிறுத்துவார்கள். யாருக்கு என்ன திறமை என்று பக்கத்திலேயே படம் இருக்கும். ராஜீவ் அந்தப் படங்களைப் பார்ப்பதே இல்லை. எப்போதும் மூத்த மகனைத்தான் அமர்த்துவான். மூத்தவன் இருக்கும்போது இளையவன் எப்படி உட்காருவான் என்று பெரியப்பாவும் தலையாட்டுவார்.

அப்படி வந்தவர்தான் இப்போதைய தலைவர். அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பாய் வரைந்திருந்தது. நன்றாகத் தூங்குவார் என்று பொருள்.

அவர் தூங்கினார். அறுத்த தினையெல்லாம் அவருடைய களஞ்சியத்தில் குவிந்தது. ராஜீவ் ஊரையே கல் சுமக்க அனுப்பி ஒரு கோட்டை கட்டினான். ஒவ்வொரு குடிசையிலும் ஒரு விளக்கு எரியும். வீட்டில் இருப்பவர்கள் மனம் நொந்தால் அந்த விளக்கு அணைந்துவிடும். சில நாள்களாகவே விளக்குகள் அணைந்துகொண்டிருந்தன.

அந்த ஞாயிறு, வெளியே மழை பிடித்துக்கொண்டது. ராஜீவுக்குப் பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் டியூஷன். இந்த விளையாட்டை நிறுத்திவைக்க முடியாது. தொலைக்காட்சியை அணைத்தாலும் ஆறு ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆண்டுகள் போய்க்கொண்டுதான் இருக்கும். அதனால் அவன் முதன்முறையாகக் கண்ட்ரோலரை வர்ஷாவிடம் நீட்டினான். கல் தீர்ந்தால் கல் வெட்ட ஆள் அனுப்ப வேண்டும், வேறு வேலை இல்லை என்று விளக்கினான்.

"கோட்டை முடியணும், அவ்ளோதான். நீ பாட்டுக்கு எதையும் மாத்திடாத, ஓகே லா?"

"ஓகேண்ணா," என்றாள் வர்ஷா.

கதவு சாத்திய சற்று நேரத்தில் இன்னும் இரண்டு விளக்குகள் அணைந்தன. ஒரு படகு கரையை விட்டு நகர்ந்தது. அதில் சிவப்புத் துணிப் பெண் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அவங்க எங்க போறாங்க?" என்று கேட்டாள் தாரணி. அவளுக்கு ஆறு வயது.

"தெரியல."

"அவங்களுக்கும் டியூஷனா?"

வர்ஷா சிரிக்கவில்லை. திரையில் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. களஞ்சியம் நிறைந்திருக்கிறது, மக்கள் பசியோடு இருக்கிறார்கள். கடைசி விளக்கும் அணைந்தால் குலம் கலைந்துவிடும், மருதப்பன் என்ற பெயர் வரைபடத்திலிருந்து போய்விடும்.

பெரியம்மாவின் கைப்பேசியை வாங்கி ராஜீவை அழைத்துப் பார்த்தாள். அவன் டியூஷனில் கைப்பேசியை அணைத்துவைப்பவன். பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் நெஞ்சில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். ஞாயிறு மதியத்தில் அவரை எழுப்பத் துணிந்தவர் அந்த வீட்டில் யாருமில்லை.

இன்னொரு படகு கிளம்பியது.

ஆட்சி முறை என்ற பக்கத்தை ராஜீவ் ஒருநாளும் திறந்ததில்லை. வர்ஷா திறந்தாள். இப்போது நடப்பது தலைவர் ஆட்சி. அரசர் ஆட்சிக்கு மாறலாம். ஆனால் தினை அரண்மனைக்குப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். மூன்றாவது, சபை ஆட்சி. அதில் களஞ்சியம் எல்லாருக்கும் பொது. கூடிப் பேசி முடிவெடுப்பார்கள்.

எதையும் மாற்றாதே என்று அண்ணா சொன்னது காதில் கேட்டது. அண்ணா திரும்பி வரும்போது மாற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது என்பது கண்ணில் தெரிந்தது. அவள் சபை ஆட்சியை அழுத்தினாள்.

உடனே ஒரு கேள்வி வந்தது. பழைய தலைவரை என்ன செய்வது? ஊரை விட்டு அனுப்பினால் இந்தக் கணமே ஆட்சி மாறிவிடும். சபையில் அவருக்கும் ஓர் இருக்கை கொடுத்தால் மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும். அதுவரை யாரும் ஆளாத காலம், யாரும் எந்தக் கட்டளைக்கும் பணிய மாட்டார்கள்.

"அனுப்பிடுக்கா. அவர் சும்மா தூங்குறாரு," என்றாள் தாரணி.

வர்ஷா திரையைப் பார்த்தாள். குட்டித் தலைவர் விழித்துக்கொண்டு வாசலில் நின்றார். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். எங்கே போகச் சொல்வார்களோ என்று காத்திருப்பவர்போல இருந்தது.

"வீட்டுப் பெரியவர வெளிய போகச் சொல்ல முடியாது, தாரணி," என்று சொல்லி, இருக்கை கொடு என்பதை அழுத்தினாள்.

ஆற்றின் மேல் பனி இறங்கியது. குடிசைகள் மங்கின. கல் சுமந்தவர்கள் கல்லைக் கீழே போட்டுவிட்டு நின்றார்கள். காவலர்கள் ஈட்டியைச் சாய்த்துவைத்துவிட்டு எங்கோ நடந்தார்கள். வர்ஷா அழுத்திய எந்தப் பொத்தானுக்கும் பதில் இல்லை. வயலுக்குப் போ என்றால் யாரும் போகவில்லை. திரும்பி வா என்றால் படகு திரும்பவில்லை. பனிக்குள் அங்கங்கே நாலைந்து விளக்குகள் மட்டும் மின்மினிபோல மிதந்தன.

ஜன்னலுக்கு வெளியே மழையும், திரைக்குள்ளே பனியும். அவளும் அந்தக் கரையில் ஈரமண்ணை மிதித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. யாரும் யாரையும் ஏவாத ஊர் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று நினைத்தாள். எவ்வளவு பயமாகவும் இருக்கிறது.

அப்போதுதான் களஞ்சியத்தின் கதவைக் கவனித்தாள். அது திறந்து கிடந்தது. யாரும் ஆளாத காலத்தில் யார் பூட்டுவார்கள்? திரையில் சின்னக் கைப்படம் ஒன்று இருந்தது. கட்டளை இடத்தான் முடியாது. தூக்கிக் கொடுக்கலாமே.

ஒரு தினை மூட்டையைத் தூக்கி, இருண்ட குடிசை ஒன்றின் வாசலில் வைத்தாள். விளக்கு எரிந்தது.

அடுத்தது, அதற்கடுத்தது. எந்தக் குடிசை பாக்கி என்று தாரணி திரையில் விரல் வைத்துக் காட்டினாள். வர்ஷாவின் கட்டைவிரல் வலித்தது. ஒருபுறம் ஒரு விளக்கு எரிந்தால் மறுபுறம் ஒன்று அணைந்தது.

"அக்கா, அங்க பாரு. அத நீயா தூக்குறே?"

வர்ஷா தூக்கவில்லை. பனிக்குள் ஒரு மூட்டை தானாக நகர்ந்துபோனது. உற்றுப் பார்த்தாள். பழைய தலைவர் பாயை எங்கோ வைத்துவிட்டு, தலையில் மூட்டையோடு தள்ளாடி நடந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்த காவலர் ஒருவரும் திரும்பி வந்து ஒரு மூட்டையைத் தூக்கினார். பிறகு இன்னொருவர்.

விளக்குகள் கூடின. ஆற்றின் வளைவில் ஒரு படகு மெல்லத் திரும்பியது.

ராஜீவ் குடையை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தபோது பனி விலகியிருந்தது. ஊர் நடுவில் சபையோர் உட்கார வட்டமாகச் சில கற்கள் தெரிந்தன. கோட்டை பாதியில் நின்றது. அவன் வர்ஷாவின் பக்கம் திரும்பினான்.

"நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?"

"எதையும் மாத்தாதன்னு சொன்னீங்க. மாத்திட்டேண்ணா."

நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். போன் செய்ததை, படகுகளை, பனியை. ராஜீவின் முகம் இறுகியே இருந்தது. "மூத்தவன் நான். என்னக் கேக்காம எப்படி மாத்துவ?" என்றான்.

"கேக்க முடியலண்ணா. ஆனா உங்க எடம் அப்படியே இருக்கு. சபையில மொதல் கல்லு உங்களுதுதான். யாரையும் வெளிய அனுப்பல."

பேச்சுச் சத்தத்தில் செய்தித்தாள் சரிந்து பெரியப்பா விழித்தார். கண்ணாடியைத் தேடிக்கொண்டே, "என்னடா சத்தம்? நம்ம பேரு இருக்கா, போச்சா?" என்று கேட்டார்.

வர்ஷா ராஜீவைப் பார்த்தாள். ராஜீவ் ஒரு சொல் சொன்னால் போதும், அவள் இனி அந்தத் தரையில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது.

ராஜீவ் திரையைப் பார்த்தான். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை சேர்ந்துகொண்டிருந்தன. சிவப்புத் துணிப் பெண் குடத்தோடு இறங்கினாள். தலைவர் கடைசி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இருக்குப்பா," என்றான். பிறகு, "போனவங்கல்லாம் திரும்பி வராங்க. வர்ஷாதான் பாத்துக்கிட்டா," என்றான்.

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை ஆராய்ந்தார். தலைவர் எங்கே என்று கேட்டார். சபையில் உட்காரப் போகிறார் என்று வர்ஷா காட்டினாள். மரியாதையோடுதானே என்று கேட்டுக்கொண்டு, அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

ராஜீவ் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். கண்ட்ரோலர் மூன்று பேருக்கும் நடுவில் கிடந்தது. மருதப்பன் குலத்தின் சபை முதன்முறையாகக் கூடியது. இளையவர் முதலில் பேசுவது சபையின் வழக்கம் என்று திரை சொன்னது.

இருவரும் தாரணியைப் பார்த்தார்கள். அவள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நிறைய யோசித்தாள். பிறகு, வாத்துகளுக்கு ஒரு குளம் வேண்டும் என்றாள்.

ராஜீவ் கட்டி முடிக்காத கோட்டையை ஒருமுறை பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

"எவ்ளோ பெரிய குளம்?" என்று கேட்டான்.